பழைய சிட்டி, ஸ்விஃப்ட் டீசல், ஃபிகோ: ரீகால் வேலை முடிந்திருக்கிறதா?

2010 முதல் 2013 வரை வந்த கார்களில் மதுரைப் பக்கம் திரும்பத் திரும்ப விலைக்கு வருபவை மூன்று: ஹோண்டா சிட்டி பெட்ரோல், மாருதி ஸ்விஃப்ட் டீசல், ஃபோர்டு ஃபிகோ டீசல். விசாரிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "இது ரீகால் வந்த வண்டியா?" என்றுதான், அதாவது கோளாறைச் சரிசெய்ய நிறுவனமே திரும்ப அழைத்த வண்டியா என்று. மூன்றுக்குமே வந்திருக்கிறது. நிறுவனம் தானாகக் கூப்பிட்டுச் சரிசெய்து கொடுத்ததை நான் குறையாக எண்ணவில்லை. கூப்பிட்டும் போகாமல் விட்டு, கைமாறிக் கைமாறி வந்து நிற்கிற வண்டிதான் ஆபத்து. அரசே ரீகாலைக் கட்டாயமாக்கும் விதி 2021 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது, அதுவும் ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும். இந்த வயதுள்ள காருக்கு நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

சிட்டியிலிருந்து தொடங்குகிறேன், விஷயம் பெரியது அங்கேதான். 1.5 லிட்டர் ஐ-விடெக் எஞ்சின் அருமையானது. எண்ணெய் ஒழுங்காக மாற்றினால் சத்தமில்லாமல் ஓடும். அந்த எஞ்சினிலும் ஒரு ஸ்பிரிங் கோளாறு இருந்து, 2011 தொடக்கத்தில் 57,853 சிட்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அப்புறம் பெரிய பிரச்சினை, டகாட்டா என்ற ஜப்பான் நிறுவனம் செய்த ஏர்பேக். 2016 ஜூலையில் மட்டும் இந்தியாவில் 1,90,578 ஹோண்டா கார்கள் அதற்காக அழைக்கப்பட்டன. பையை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டருக்குள் அமோனியம் நைட்ரேட் இருக்கிறது. வருடக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டுப் பட்டு அது கெட்டுப்போகிறது. மோதலின்போது அளவுக்கு மீறிய வேகத்தில் வெடித்து, இன்ஃப்ளேட்டரின் உலோகக் கூட்டையே துண்டுதுண்டாக்கி ஓட்டுநர் முகத்தில் அடிக்கிறது. உலகம் முழுக்க உயிர் போயிருக்கிறது. டகாட்டா நிறுவனமே 2017-ல் திவாலானது. சித்திரை வெயிலில் நிழலே இல்லாத தெருவில் பத்துப் பன்னிரண்டு வருடம் நின்ற மதுரை வண்டிக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு முன்னறிகுறியே கிடையாது. விற்கிறவர் "ஏர்பேக் லைட் எரியலையே சார், நல்லாத்தான் இருக்கு" என்பார். அந்த விளக்கு மின் இணைப்பில் கோளாறு இருந்தால் எரியும். இன்ஃப்ளேட்டருக்குள் வெடிமருந்து கெட்டிருப்பதை அது காட்டாது. மற்றபடி சிட்டியில் ஏசி கூலிங் காயில் கசிவும், ஸ்பீட் பிரேக்கரில் அடி உரசுவதும் வழக்கமான புகார்கள். அவை பணச் செலவு, அவ்வளவுதான்.

ஸ்விஃப்ட் டீசலின் கோளாறுகள் பெரும்பாலும் சொல்லிவிட்டு வருபவை. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் எஞ்சின், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைப்பது பெல்ட் இல்லை, டைமிங் செயின். எந்தப் பட்டறையிலும் கை வைக்கத் தெரியும், உதிரிபாகமும் தேடி அலைய வேண்டாம். டர்போ பிடிக்கும்வரை இழுவை இல்லாததால் பலர் கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே ஏற்றத்தில் ஓட்டுவார்கள். வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானலுக்கு அடிக்கடி ஏறிய வண்டியென்றால் கிளட்ச் செலவைக் கணக்கில் சேர்த்தே விலை பேசுங்கள். இதன் ரீகால்களில் முக்கியமானது 2014-ல் வந்தது. ஒயரிங் ஹார்னஸ், அதாவது ஒயர்க் கட்டில் கோளாறு. 2010 மார்ச்சிலிருந்து 2013 ஆகஸ்ட் வரை செய்த டிசையர், ஸ்விஃப்ட், ரிட்ஸ் சேர்த்து 69,555 வண்டிகள். அதில் பெரும்பங்கு டிசையர்தான் என்பதால் ஸ்விஃப்ட்காரர்கள் பலர் கண்டுகொள்ளவில்லை என்று நினைக்கிறேன். மழைக்குக் கர்டர் பாலத்தடியில் தேங்கும் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டியாக இருந்தால், கார்பெட்டைத் தூக்கி ஒயர்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஃபிகோ நம்ம ஊர் வண்டி, மறைமலைநகரில் செய்தது. ஓட்டுவதற்கு மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். வளைவில் தரையைப் பிடித்துக்கொண்டு போகும். ஆனால் 2012-ல் ஃபிகோவும் அதன் செடான் உறவான கிளாசிக்கும் சேர்த்து 1,28,655 வண்டிகள், 2013-ல் மறுபடியும் 1,66,021 வண்டிகள் ரீகால் ஆயின. காரணம் இரண்டு: பின்பக்க அச்சுக்கட்டையும் பவர் ஸ்டீயரிங்குக்கு எண்ணெய் போகும் ஹோஸும். இரண்டையும் கண்ணால் பார்க்கலாம். வண்டியை ராம்பில் ஏற்றி, டார்ச் அடித்து, பின்சக்கரங்களை இணைக்கும் கட்டையின் வெல்டிங் ஓரங்களைத் துணியால் துடைத்துப் பாருங்கள். முடிபோல ஒரு கோடு தெரிந்தாலும் கிளம்பிவிடுங்கள். அப்புறம் எஞ்சின் சூடாக ஓடி நின்ற பிறகு, ஹோஸ் இணைப்பில் வெள்ளைக் காகிதத்தை ஒற்றி எடுங்கள். எண்ணெய் பட்டால் கசிவு. இன்னொன்று, இந்த டீசல் எஞ்சினில் இருப்பது டைமிங் பெல்ட். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டத்தில் அறுந்தால் எஞ்சினே போய்விடும். இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021-ல் அறிவித்தாலும் சர்வீஸ் தொடர்கிறது. ஆனால் சில பாகங்களுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

குடும்பத்துக்கு ஒரே வண்டி, அதிக ஓட்டம் என்றால் ஸ்விஃப்ட்டைத்தான் சொல்வேன். ஆனால் கீழ் வேரியண்ட்களில் ஏர்பேக்கே கிடையாது, அதைத் தெரிந்தே வாங்குங்கள். டவுனுக்குள் கொஞ்ச ஓட்டம், இன்ஃப்ளேட்டர் மாற்றியதற்கு ஆதாரம் இருக்கிறது என்றால் சிட்டி அதைவிட நல்ல வண்டி. ஆதாரம் இல்லாத சிட்டியை எவ்வளவு விலை குறைத்தாலும், மாற்றி முடிக்கும்வரை எடுக்காதீர்கள். ஃபிகோ, அதை அறிந்த மெக்கானிக் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்.

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை நிறுவன இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுத்தால் பாக்கி வேலை உண்டா என்று சொல்லிவிடுவார்கள். எத்தனையாவது ஓனர் என்று பார்க்காமல் இலவசமாகச் செய்து தருவதுதான் வழக்கம். ஆர்.சி. நகலை முதல்நாளே வாங்கி, முன்பணம் கொடுக்கும் முன் இதை முடியுங்கள். 2010 வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டிய கட்டமும் வந்துவிட்டது. அந்தக் கட்டணம் 2022-லிருந்து 5,000 ரூபாய், அதை யார் கட்டுவது என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள்.