வானத்துக் குதிப்பா, அறுகம்பே அலையா?

துபாயில் வேலை செய்யும் என் மச்சானுக்கு, விமானத்திலிருந்து பரசூட்டோடு குதிக்கும் ஸ்கைடைவிங் பைத்தியம். எனக்கு ஊர் இலங்கையின் கிழக்குக் கரையில் அக்கரைப்பற்று. ஞாயிறு விடிய மோட்டார் சைக்கிளில் அறுகம்பே போய் அலைச்சறுக்குப் பழகுகிறேன். எது அன்றாட வாழ்க்கைக்கு ஒத்துவரும் என்று போனில் ஓயாத வாக்குவாதம்.

அவன் 13,000 அடியில் குதித்தால், மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் ஏறக்குறைய 1 நிமிடம் விழுவான். பரசூட் விரிந்தபின் ஐந்தாறு நிமிடம் மிதப்பு. அதற்காக விமானத்துக்கும் காற்றுக்கும் காத்திருந்தே லீவு நாள் போய்விடும். இறங்கியதும் பரசூட்டைத் தரையில் பரப்பி, முழங்காலால் அமுக்கிக் காற்றை வெளியேற்றி, பச்சைப்பிள்ளையைத் துணியில் சுற்றுவதுபோல் மடிப்பான். வீடியோவில் அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறாமை. நீண்டநாள் குதிக்காவிட்டால் திரும்பவும் பயிற்சியாளரிடம் போகவேண்டும்.

எனக்கு வாடகைப் பலகை, அதில் கால் வழுக்காமல் பூசக் கொஞ்சம் மெழுகு, அவ்வளவுதான். புதிதாய்ப் பழகுபவர்கள் போகும் பேபி பொயின்ற்றில் விழுந்தால் வாய் நிறைய உப்பு, முழங்காலில் சிராய்ப்பு. பொத்துவிலில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீடு வந்துவிடலாம். ஆனால் மாரி தொடங்கினால் அலை சரிவராது. ஏப்ரல் வரை பலகையை மறக்கவேண்டியதுதான். அப்போது பார்த்து மச்சான் போட்டோ அனுப்பிக் கடுப்பேற்றுவான்.

சம்பளக்காரனுக்கு அலைதான் சரி. ஆனாலும் பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக் குதிக்கும் டேண்டம் ஒன்றுக்கு அடுத்த வருடம் வரச் சொல்லியிருக்கிறான். அம்மாவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.