ஜியோஜீப்ரா: பி.எட். கணிதப் பயிற்சிக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை; வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசம். 2001-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்டர் தன் முதுநிலை ஆய்வேட்டுக்காகத் தொடங்கிய, திரையில் வடிவங்களை வரைந்து இழுத்து அசைத்துப் பார்க்க உதவும் இந்தக் கணித மென்பொருள், இன்று தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘இணையச் செயல்பாடு’ பகுதிவரை வந்துவிட்டது. பள்ளிக்குப் போகும் கணித ஆசிரியர் இதைத் தொடாமல் இருக்க முடியாது. பயிற்சிக் காலத்தில் எதைக் கொடுத்துப் பழக்குகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் வேலையாக ஒரு சதுரம் வரையச் சொல்லுங்கள். பலரும் கட்டக் கோடுகளைப் பார்த்து நான்கு மூலையிலும் புள்ளி வைத்து இணைத்துவிடுவார்கள். பார்வைக்குச் சதுரம்தான். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் கோணல் நாற்கரமாகிவிடும். ஒரு கோட்டுத்துண்டு, அதன் இரு முனைகளிலும் செங்குத்துக் கோடுகள், ஒரு முனையை மையமாகக் கொண்டு மறுமுனை வழியே செல்லும் வட்டம், அந்த வட்டம் செங்குத்தை வெட்டும் இடத்திலிருந்து ஓர் இணைகோடு என்று கட்டிவந்தால், தொடக்கத்தில் வைத்த இரு புள்ளிகளை எப்படி இழுத்தாலும் சதுரம் குலையாது. சதுரத்தின் பண்புகளை மனப்பாடம் செய்தவர் யார், புரிந்துகொண்டவர் யார் என்று அந்த ஒரே இழுப்பில் தெரிந்துவிடும். எங்கள் கணக்கில் இந்த மென்பொருளின் முழு மதிப்பும் இங்கேதான்.

சறுக்கும் இடங்களும் உண்டு. முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டிக் காட்டும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். திரையில் 48.37°, 61.24°, 70.40° என்று தெரிகிறது. கூட்டினால் 180.01. பின்வரிசைப் பையன் ஒருவன் இதைக் கட்டாயம் கேட்பான். உள்ளே இருக்கும் மதிப்புகள் 48.366, 61.237, 70.397; இரண்டு தசம இடத்துக்கு முழுதாக்கியதால் வந்த வினை. தசமத்தையே எடுத்துவிடலாம் என்று அமைப்பை மாற்றினால் 48, 61, 70 என்றாகி 179-ல் நிற்கும், இன்னும் மோசம். மூன்று கோணங்களின் கூடுதலை உள்ளீட்டுப் பட்டையில் கொடுத்து மென்பொருளையே கூட்டச் சொன்னால் 180° வரும். முழுதாக்கல் பற்றி இரண்டு வரி பேசவும் அதுவே வாய்ப்பு.

கோணக் கருவி இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், அளக்கும். புள்ளிகளை வரிசை மாற்றிச் சொடுக்கினால் 48.37°-க்குப் பதில் 311.63° காட்டும். முக்கோணத்தையே வலஞ்சுழியாக வரைந்துவிட்டு உள்ளே சொடுக்கினாலும் இதே கதை.

முக்கோணத்தின் மூன்று குத்துக்கோடுகளும் சந்திக்கும் செங்கோட்டு மையத்தில் வேறொரு பொறி. எதிர்ப்பக்கத்தைக் கோட்டுத்துண்டாக வைத்து, குத்துக்கோடு அதை வெட்டும் புள்ளியை எடுத்துப் படத்தைக் கட்டியிருந்தால், விரிகோண முக்கோணமாக இழுத்ததும் அந்தப் புள்ளி காணாமல் போகும். அதை நம்பி வரைந்தவையும் கூடவே போகும். உச்சியிலிருந்து வரும் முழுச் செங்குத்துக் கோடுகளையே ஒன்றோடொன்று வெட்டவிட்டால், மையம் முக்கோணத்துக்கு வெளியே நகர்வதைக் கண்ணெதிரே காட்டலாம்.

ஒரே ஒரு கற்பித்தல் திறனைச் சிறு குழுவுக்கு முன் பழகும் நுண்ணிலைக் கற்பித்தலில் கையில் இருப்பது 6 நிமிடம். அதற்குள் மேடையிலேயே வரைய ஆரம்பித்தால், பாடம் போய்க் கருவிப்பட்டை விளக்கமாகிவிடும். கோப்பை முன்கூட்டியே தயாரித்து வைத்து, ‘இழுத்தால் என்ன ஆகும்?’ என்று மாணவர்களைச் சொல்லவைத்த பிறகே சுட்டியைத் தொட வேண்டும். மூன்று இழுப்பு போதும். இழுத்துக் காட்டியதும் ‘நிரூபித்தாயிற்று’ என்று சொல்லும் பழக்கத்தை விரிவுரையாளர் அங்கேயே வெட்டிவிட வேண்டும். அது சரிபார்த்தல் மட்டுமே.

செய்முறைப் பதிவேட்டில் திரையை அச்செடுத்து ஒட்டுவது வீண் வேலை. அசைவில்லாத படம் எதையும் சொல்லாது. ‘வியூ’ பட்டியலில் படிப்படியான வரைமுறைப் பட்டியல் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் புள்ளி எதிலிருந்து பிறந்தது என்று வரிசையாக வரும். கண்ணளவில் வைத்த புள்ளி உடனே மாட்டிக்கொள்ளும்.

இணையம் இல்லாத ஆய்வகம் என்றால் ‘கிளாசிக் 5’ பதிப்பை நிறுவிவிடுவது நல்லது. கவராயத்தை மட்டும் ஓரங்கட்டிவிடாதீர்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் 8 மதிப்பெண் செய்முறை வடிவியல் வினாவுக்குப் பென்சிலும் காகிதமும்தான்.