கிரிப்டோவில் பணம் வாங்குபவர்களே, "அனுப்பியது நான்தான்" என்று வருபவனிடம் உஷார்

வில்லியனூர் சுடுமண் பொம்மைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் சின்ன வியாபாரம் எனக்கு, வீடு புதுச்சேரியில். பிரான்சில் இருக்கும் சிலர் யுஎஸ்டிடியில் (டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ நாணயம்) தருகிறோம் என்றதால், அதை வாங்க ட்ரான் என்ற பிளாக்செயினில் வாலட் ஒன்று திறந்து, அதன் முகவரியை இன்ஸ்டாகிராம் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி போட்டு வைத்தேன். முட்டாள்தனம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

போன மாதம் 210 யுஎஸ்டிடி வந்தது. அப்போது விலை பேசிக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர், யார் அனுப்பியது என்று யோசிப்பதற்குள் புதிதாக ஒருவன் மெசேஜ் போட்டான், முகவரி மாறி உங்களுக்கு வந்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள் என்று. கூடவே பரிவர்த்தனையின் ஹாஷ், அதாவது அதன் அடையாள எண். ட்ரானில் நடக்கும் எல்லாப் பரிவர்த்தனையையும் யாரும் பார்க்கக்கூடிய ட்ரான்ஸ்கேன் தளத்தில் போட்டுப் பார்த்தேன், தொகையும் நேரமும் அச்சாகப் பொருந்தின. சரி, வந்த முகவரிக்கே அனுப்பிவிடுகிறேன் என்றேன். "ஐயோ வேண்டாங்க, அது எக்ஸ்சேஞ்சோட பொது வாலட், அங்க போட்டா என் கணக்குல சேராது, இந்த முகவரிக்கு அனுப்புங்க" என்றான்.

விசாரித்தால் அது உண்மைதான்! எக்ஸ்சேஞ்சிலிருந்து (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) ஒருவர் பணம் அனுப்பினால், பல பேர் பணம் ஒன்றாகக் கிடக்கும் அவர்களுடைய வாலட்டிலிருந்துதான் வரும், அனுப்பியவர் யாரென்று அந்த முகவரியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்த ஒரு உண்மையை நம்பித்தான் கவிழ்ந்தேன். அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் லியோனிலிருந்து ஒரு அம்மா, பணம் கட்டியாயிற்றே, பொம்மை எப்போது கிளம்பும் என்று கேட்டு ஹாஷை அனுப்பினார். அதே ஹாஷ்.

ஹாஷ் என்ன ரகசியமா? என் முகவரி தெரிந்த எவனும் ட்ரான்ஸ்கேனில் உட்கார்ந்து எனக்கு எப்போது எவ்வளவு வருகிறது என்று பார்க்கலாம், காப்பி அடித்து "இது என் பணம்" என்று வரலாம். ஸ்கிரீன்ஷாட்டும் அப்படித்தான், போலியாகச் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்து புகார் பதிந்தேன், இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. இன்ஸ்டாகிராம் பக்கத்திலிருந்து முகவரியை எடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி முகவரி, அதை அந்த வாடிக்கையாளரின் சாட்டில் மட்டும் கொடுக்கிறேன். பணம் எந்த முகவரியிலிருந்து வந்தது என்று துருவுவதில்லை, நான் யாருக்குக் கொடுத்த முகவரியில் வந்தது என்றுதான் பார்க்கிறேன். திருப்பித் தருவதென்றாலும் அதே சாட்டில் கேட்டால்தான்.

லியோன் அம்மாவுக்குப் பொம்மைகள் போய்விட்டன, என் கைக்காசில்.