92% மேட்ச், பேசத்தான் ஒண்ணுமில்ல: ஒரு மேட்ரிமோனி பேக்கேஜ் ரிவ்யூ

கம்பெனி பேரு வேணாம், விடுங்க. 3 மாச பேக்கேஜ், 18,000 ரூபா, தனியா ஒரு ரிலேஷன்ஷிப் மேனேஜர் உண்டு. நான் வேணாம்னுதான் சொன்னேன், அம்மா கட்டிட்டாங்க.

ஆப் சுமார். ஹேங் ஆகல, போட்டோ எல்லாம் ஒரிஜினல்தான். எனக்குக் கடுப்பே அந்த மேட்ச் பர்சன்டேஜ்தான். நாப்பது கேள்வி கேட்டு கணக்குப் போட்டு ஒரு பொண்ணை 92%னு காட்டுச்சு, ஜாதகமும் 10க்கு 8. சரின்னு போன் போட்டேன். ட்ராவல் பிடிக்குமாங்க, பிடிக்கும்ங்க, எனக்கும்ங்க. அவ்ளோதான். அப்புறம் அவங்க வீட்டு குக்கர் விசில் மட்டும் தெளிவா கேட்டுச்சு, மூணு விசில். பாவம் அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல.

இந்த பர்சன்டேஜுக்கு என்னதான் அர்த்தம்னு தேடிப் படிச்சா, 2017லயே சமந்தா ஜோயல்னு ஒரு ஆராய்ச்சியாளரும் கூட ரெண்டு பேரும் ஸ்பீட் டேட்டிங் (ஆளுக்குச் சில நிமிஷம்னு மாத்தி மாத்திப் பேசறது) வந்தவங்ககிட்ட முன்கூட்டியே 100க்கு மேல விஷயம் கேட்டு வாங்கி மெஷின் லேர்னிங்ல போட்டுப் பாத்திருக்காங்க. யாரை நிறைய பேருக்குப் பிடிக்கும்னு ஓரளவு சொல்லிடுச்சாம், குறிப்பா இவருக்கு இவங்களைப் பிடிக்கும்ங்கறது மட்டும் சிக்கவே இல்லையாம். அப்ப என் 92 எங்கேருந்து வந்துச்சு?

அதைவிட எனக்குப் பிடிச்சது பழைய ஒண்ணு. அமெரிக்காவுல எம்ஐடில கல்யாணமான ஸ்டூடன்ட்ஸ் குடியிருந்த வெஸ்ட்கேட் வெஸ்ட்ங்கற குவார்ட்டர்ஸ்ல ஃபெஸ்டிங்கர்ங்கற சைக்காலஜிஸ்ட்டோட டீம் போய் உங்க ஃப்ரெண்ட்ஸ் யாருன்னு கேட்டு 1950ல வெளியிட்டாங்க. ஒரே மாடில பக்கத்து வீட்டுக்காரங்கள்ல 41% பேரை ஃப்ரெண்டுன்னு சொல்லியிருக்காங்க, அதே மாடியோட ரெண்டு கோடில இருந்தா 10%தான். மாடிப்படி ஓரத்து வீட்டுக்காரங்களுக்கு மேல் மாடிலயும் சிநேகம், ஏன்னா ஏறி எறங்கறவங்க மூஞ்சிய தெனம் பாக்கறாங்கல்ல. நம்ம ஆப்போ ஒரு மூஞ்சிய ஒரு தடவைதான் காட்டும், 7 நாள்ல ரிக்வெஸ்ட் எக்ஸ்பயர், அடுத்த ஆள். எங்க பழகறது?

இதுல கூத்து என்னன்னா அந்த மேனேஜர் மேடம் வாராவாரம் புதன்கிழமை 11 மணிக்கு அம்மாவுக்கு அப்டேட் சொல்ல கூப்பிடுவாங்க. மொத மாசம் ரெண்டு நிமிஷம், ரெண்டாவது மாசம் அரை மணி நேரம், இப்ப அவங்க பையனோட ப்ளஸ் டூ மார்க் வரைக்கும் எனக்கே மனப்பாடம். அம்மா சுத்த சைவம், ஒம்பது மணிக்கு லைட்டை அணைச்சுடுவாங்க, அந்த மேடம் ஞாயித்துக்கிழமைன்னா மீன் இல்லாம இருக்க மாட்டாங்க, சீரியல்னாலே ஆகாது. ரெண்டு பேரையும் ஆப்ல போட்டா 30% கூட தேறாது.

ரேட்டிங் 5க்கு 2, அதுல ஒண்ணு மேடத்துக்கு. போன வாரம் பேக்கேஜ் முடிஞ்சுது, நான் ரினியூ பண்ணல. இன்னிக்கு புதன், 11 மணிக்கு கரெக்டா போன் வந்துச்சு, அம்மா அடுப்பை அணைச்சுட்டு ஓடிப்போய் எடுத்தாங்க, நெல்லிக்கா ஊறுகா கொரியர் பண்ண அட்ரஸ் கேட்டுட்டு இருக்காங்க.