‘கிராமியப் பாட்டு’ மெமரி கார்டு: சத்தம் தாங்காத காதுக்கு ஆகுமா?

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பஸ் ஸ்டாண்டுகளை ஒட்டிய செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பது இன்னும் நடக்கிறது. ‘கிராமியப் பாட்டு’ என்று கேட்டால் முந்நூறு, நானூறு பாட்டை ஒரே ஃபோல்டரில் கொட்டி, கூடவே உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் ஒன்றையும் தலையில் கட்டிவிடுவார்கள். டிராக்டர் ஓட்டிக்கொண்டே கேட்க அது போதும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கோ, சத்தம் கேட்டாலே தலை கிறுகிறுக்கும் பெரியவருக்கோ என்றால் வாங்கிவந்த கையோடு போட்டுவிடக் கூடாது. சரக்கு நல்லதுதான், கட்டிக்கொடுத்த விதம்தான் சரியில்லை.

முதலில் பொறுக்கி எடுக்க வேண்டியது தாலாட்டு. ஒரே குரல், தூளி ஆடும் வேகம், கண்ணிக்குக் கண்ணி திரும்பி வரும் ‘ஆராரோ’. அடுத்து என்ன வரும் என்று காதுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. இப்படிப்பட்டவர்களைப் பல நேரம் தூக்கிவாரிப் போடுவது சத்தத்தின் அளவு அல்ல, அது சொல்லாமல் வந்து விழுவது. ஏற்றப்பாட்டும் இதே காரணத்துக்காகப் பொருந்தும். ஏற்றத்தில் தண்ணீர் மொள்ளும் வாளியைச் சால் என்பார்கள், எத்தனை சால் இறைத்தோம் என்று எண்ணிக்கொண்டே போகிற பாட்டு, ஆகவே பாட்டில் எங்கே நிற்கிறோம் என்பது புரியும். மோட்டார் வந்தபின் ஏற்றமே இல்லாமல் போனதால் கார்டில் ஒன்றிரண்டு தேறினால் அதிகம்.

நடவுப்பாட்டில்தான் சிக்கல். ஒருத்தி அடி எடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் முறை அருமையானது. ஆனால் இடையில் குலவை என்ற கீச்சொலி வரும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. சின்ன ஸ்பீக்கரில் கீழ்ச்சுரம் எழும்பாது, இந்தப் பகுதி மட்டும் ஊசியாகக் குத்தும். வயல்வெளியில் காற்றோடு கலந்து போகிற குலவை, அறைக்குள் வந்தால் காதைப் பொத்த வைக்கிறது. கும்மியின் கைத்தட்டலும் அப்படித்தான்.

பறை, தவில், நையாண்டி மேளம் இருக்கும் பாட்டுகளைத் தயங்காமல் நீக்குங்கள். நரசிங்கப்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நம் பக்கத்துக்கே பெருமை. ஆனாலும் அது நாலு வீதி கேட்கச் செய்த வாத்தியம், பத்துக்குப் பத்து அறைக்கு ஆகாது. ஒப்பாரியும் இதே ஃபோல்டரில் கிடக்கும். மெதுவாகத்தான் போகும், ஆனால் குரல் உடைகிற இடங்கள் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. கீபோர்டும் ரிதம் பேடும் போட்டு ஸ்டூடியோவில் செய்த ‘கிராமிய’ பாட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். இப்படிக் கழித்தால் நானூறில் பதினைந்து மிஞ்சும். பதினைந்து தாராளம். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பதில்தான் பலருக்கு நிம்மதி.

மிஞ்சியதைக் கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறக்க வேண்டும். பல கேசட்டுகளிலிருந்து திரட்டியது என்பதால் ஒரு பாட்டு முணுமுணுக்கும், அடுத்தது அலறும். ‘லவுட்னெஸ் நார்மலைசேஷன்’ கொடுத்து எல்லாவற்றையும் -23 LUFS (ஒலியளவைக் குறிக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவாருங்கள். தொடக்கத்தில் மூன்று வினாடி ‘ஃபேட் இன்’, முடிவில் ஐந்து வினாடி ‘ஃபேட் அவுட்’. குலவையை வெட்டி எறிந்தால் தாளம் தடுக்கும், பழகிய காது அதைக் கண்டுபிடித்துவிடும். அந்தத் துண்டை மட்டும் தேர்ந்து ‘ஆம்ப்ளிஃபை’யில் 10 டெசிபல் குறைத்தால் சத்தம் ஏறக்குறைய பாதியாகத் தெரியும், பாட்டும் உடையாது.

வரிசையிலும் ஒரு கோளாறு உண்டு. மலிவு ஸ்பீக்கர்கள் பல பெயரைப் பார்ப்பதில்லை, கார்டில் எது முதலில் எழுதப்பட்டதோ அதையே முதலில் பாடும். ஆகவே கார்டை FAT32 என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்து, வேண்டிய வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். மொத்தமாக இழுத்துப் போட்டால் வரிசை குழம்பும்.

ஸ்பீக்கர்தான் இந்தச் சரக்கிலேயே மட்டமான பகுதி. ஆன் செய்ததும் ஆங்கிலத்தில் ஒரு பெண்குரல் கத்தும், கலர் கலராக விளக்கு மின்னும், சில மாடல்கள் முழுச் சத்தத்திலேயே பாட ஆரம்பிக்கும், சார்ஜ் இறங்கினால் பீப் அடிக்கும். தாலாட்டு கொடுக்கிற அமைதியை இந்த ஒரு பீப் கெடுத்துவிடும். அடுத்த அறையில் ஆன் செய்து, சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாடவிட்டபடியே கொண்டுவாருங்கள். விளக்கின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். முன்னாலேயே முழுச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள். சத்தம் வரும் முகத்தில் மல் துணியை நாலு மடிப்பாகக் கட்டினால் கீச்சுத்தனம் கொஞ்சம் அடங்கும். கைக்காசு இருந்தால் மரப்பெட்டி வைத்த பழைய ரேடியோ மாதிரி ஸ்பீக்கர் பார்க்கலாம், குரல் உருண்டையாக வரும்.

ஆளிடமிருந்து ஆறடி தள்ளி வையுங்கள், தலைக்கு நேராக வேண்டாம். பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது காது கெடாமல் இருப்பதற்கான வரம்பு. சுகமாகக் கேட்க அது மிக அதிகம். சாதாரணப் பேச்சே 60 டெசிபல்தான். போனில் இருக்கும் டெசிபல் ஆப் துல்லியமாகக் காட்டாது, ஆனாலும் 50 பக்கம் நிற்கிறதா என்று பார்க்க அது போதும். மின்விசிறி சத்தத்தை மீறப் பாட்டை ஏற்றாதீர்கள், விசிறியைக் குறையுங்கள்.

முதல் நாள் ஒரே பாட்டு, ஐந்து நிமிஷம். காதைப் பொத்துவது, நடையின் வேகம் கூடுவது, தாடை இறுகுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் நிறுத்துங்கள், அதுவும் பட்டென்று அணைக்காமல் மெல்லக் குறைத்து. சிலருக்கு ஹெட்போன் தலையை அழுத்துவதே பெரிய தொந்தரவு, அவர்களுக்கு ஸ்பீக்கரே மேல். இது மருந்து என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். பாட்டு ஏற்றும் கூலி கொடுக்கலாம். ஸ்பீக்கரை மட்டும் கடையிலேயே ஒருமுறை ஆன் செய்து காட்டச் சொல்லி, அந்தப் பெண்குரலைக் கேட்டபின் காசை எடுங்கள்.