தாது அரைக்கும் பால் மில்: ஓவர்ஃப்ளோவா, கிரேட் டிஸ்சார்ஜா?

தாதுவை நீர் சேர்த்து, எஃகு உருண்டைகளால் அரைக்கும் சுழல் டிரம்மான பால் மில்லை (ball mill) வாங்குமுன், அரைபட்ட குழம்பு டிரம்மிலிருந்து எவ்வழியாக வெளியேற வேண்டும் என்பதைத் தீர்மானித்தாக வேண்டும். குழம்பைச் சுழற்றி நுண்துகளையும் பருமனான துகளையும் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோனுடன் இணைந்து ஓடும் இரண்டாம் நிலை அரவைக்கு எங்கள் குழு ஓவர்ஃப்ளோ வகையையே தேர்ந்தெடுத்தது. அந்தச் சாய்வு இங்கே தெரியத்தான் செய்யும்.

எஃகு உருண்டைகளின் அளவிலோ (டிரம்மின் கொள்ளளவில் ஏறத்தாழ 30 முதல் 45 சதவீதம்), சுழலும் வேகத்திலோ (உருண்டைகள் கீழே விழாமல் சுவரோடு ஒட்டிச் சுழலத் தொடங்கும் கிரிட்டிக்கல் ஸ்பீடில் பெரும்பாலும் 65 முதல் 80 சதவீதம்) இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஓவர்ஃப்ளோவில் குழம்பு, டிரம்மின் முனையிலுள்ள உள்ளீடற்ற தண்டான ட்ரன்னியனின் விளிம்புவரை உயர்ந்து தானாக வழிகிறது. கிரேட் வகையில் அது துளையிட்ட தட்டின் வழியே புகுந்து, தட்டின் பின்னுள்ள லிஃப்டர்களால் தூக்கி வெளியேற்றப்படுகிறது. உள்ளே குழம்பு தேங்காததால், அதே அளவுள்ள மில் சுமார் 15 சதவீதம் கூடுதல் மின்திறனை இழுத்து, அதற்கேற்பக் கூடுதலாக அரைக்கும். ஆனால் இது சிறிய மில்லே போதும் என்ற முதலீட்டு லாபம்தானே தவிர, டன்னுக்கு ஆகும் மின்செலவு அந்த அளவுக்குக் குறையும் என்று பொருளல்ல.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. தேய்ந்து உடைந்த உருண்டையின் தட்டையான சில்லு ஒன்று கிரேட் துளைக்குள் பக்கவாட்டில் நுழைந்துவிட்டால், மேலே விழும் உருண்டைகள் அதை ஆப்பு அடித்ததுபோல் இறுக்கிவிடும். துளைகள் ஒவ்வொன்றாக அடைபட, குழம்பு தேங்கி, எந்த மின்திறனுக்காக இந்த வகையை வாங்கினோமோ அதுவே சரியத் தொடங்கும். பிறகு மில்லை நிறுத்தி, மின்னிணைப்பைத் துண்டித்துப் பூட்டி, காற்றோட்டம் செய்து, ஆட்கள் உள்ளே இறங்கிச் சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டும். அதுவரை அடுத்த கட்டமான, கனிமங்களைக் காற்றுக் குமிழ்களில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் மிதப்புப் பிரிவும் தாதுவின்றி நிற்கும். துளைகள் தேய்ந்து அகன்றாலோ, உருண்டைகள் வெளியேறிப் பம்பின் இம்பெல்லரைப் பதம் பார்க்கும். லிஃப்டர்களின் தேய்மானமோ, கிரேட்டைக் கழற்றும்வரை கண்ணுக்கே படாது.

ஓவர்ஃப்ளோவில் இந்தத் தொல்லைகள் இல்லை. ட்ரன்னியனுக்குள் இருக்கும் எதிர்த்திசைத் திருகு உருண்டைகளை உள்ளே தள்ளிவிடுகிறது. தப்பி வரும் சில்லுகள் வெளியிலுள்ள டிராமல் சல்லடையில் ஒதுங்குவதால், மில்லை நிறுத்தாமலே அள்ளிவிடலாம். டிரம்மின் உள்சுவர்க் கவசமான லைனரை மாற்றும் வேலை இரு வகைக்கும் பொதுவானது.

குறை இல்லாமல் இல்லை. குழம்பு அதிக நேரம் தங்குவதால் தாது தேவைக்கு மேல் நைந்துபோகும். கலீனா (ஈயத் தாது) போன்ற கனமான, எளிதில் நொறுங்கும் கனிமங்களில் இது மிதப்புப் பிரிவில் இழப்பாக முடியலாம். அத்தகைய தாதுக்களில் எனக்கு அனுபவம் குறைவு என்பதால், அங்கே கிரேட் வேண்டாம் என்று அழுத்திச் சொல்ல மாட்டேன். உலர் அரவைக்கும், பருமனான துகளே போதும் என்ற முதல் நிலை அரவைக்கும் கிரேட் வகையே பொருந்தும். அப்படி வாங்குவோர், வெளிப்பக்கம் அகன்று செல்லும் துளைகளுள்ள ரப்பர் கிரேட்டைக் கேட்டுப் பெறுவது நல்லது; அது சற்று நெளிந்துகொடுப்பதால் எஃகுத் தட்டைவிடக் குறைவாகவே அடைபடும்.