காதுக்குள் பார்க்காமலே காது மெஷின் விற்கிறார்கள், உஷார்!

அறுபதைத் தாண்டிய பெரியவர்கள் வீட்டில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். காது மெஷின் விற்கும் ஒரு கடையில் என் அப்பாவுக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. தவிர, இந்த வித்தை அந்த ஒரு கடையோடு நிற்பதும் இல்லை.

அப்பாவுக்கு டிவி சத்தம் ஏறிக்கொண்டே போனது. நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில் பதில் மாறி வரும். "சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல" என்பார். வயதாவதால் வரும் செவிக்குறைவு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். முதலில் குறைவது கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகள். ஸ, ஷ, ஃப மாதிரி மெல்லிய ஒலிகள் அந்த எல்லையில்தான் இருக்கின்றன. உயிரொலிகள் காதில் விழும், மெய்யொலிகள் நழுவும். அதனால்தான் கேட்டும் புரியாத நிலை.

அந்த நேரத்தில்தான் 'இலவசக் காது பரிசோதனை' என்று கூப்பிட்டார்கள். போனோம். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பையன், ஒரு மேஜை, நடுவில் ஒரு திரைச்சீலை. ஏசி இரைகிறது, திரைக்கு அந்தப் பக்கம் போன் அடிக்கிறது. அப்பாவின் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்க்கவே இல்லை. சீழ் வந்ததா, தலைசுற்றல் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை. ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க ஐயா" என்றார். சற்று நேரத்தில் ஒரு தாள் அச்சாகி வந்தது. இடது காது சுமார், வலது காது படுமோசம்.

"ஐயாவுக்கு நரம்பு வேகமா செத்துக்கிட்டு வருது. இந்த வாரமே மெஷின் போடலைன்னா அப்புறம் போட்டும் பிரயோஜனமில்ல." அப்பாவின் முகம் வெளிறியது. பெரிய தொகை அன்றைக்கே கைமாறியது. கூடவே நரம்பைப் புதுப்பிக்கும் என்று சொல்லி ஒரு புட்டி சொட்டு மருந்து வேறு.

மெஷின் வந்த பிறகு ஆரம்பித்தது வேதனை. சமையலறையில் ஒரு தட்டு கீழே விழுந்தால் அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வலது காதைப் பொத்துவார். கடையில் சொன்னால், "பழகிடும் ஐயா" என்றார்கள். புது மெஷினுக்கு மூளை பழகச் சில வாரங்கள் ஆகும் என்பது உண்மைதான். தன் குரலே வித்தியாசமாகக் கேட்கும், மின்விசிறி இரைச்சல்கூடப் பெரிதாகத் தெரியும். ஆனால் வலி பழகும் விஷயம் இல்லை. வலித்தால் மெஷினின் ஒலி அளவு தவறாக இருக்கலாம்.

கடைசியில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். உள்ளே பார்த்ததுமே, "வலது காது முழுக்கக் குறும்பி அடைச்சிருக்கு" என்றார். எடுத்துவிட்டு, ஒலிபுகாத அறையில் மறுபடி பரிசோதனை. இந்த முறை ஹெட்போனோடு நிற்கவில்லை. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் ஒரு சின்ன அதிர்வுக் கருவியை வைத்தும் சோதித்தார்கள். வலது காது ஏறக்குறைய இடது காதின் நிலைக்கே வந்துவிட்டது. இரண்டிலும் வயதுக்குரிய குறைவு இருந்தது, அவ்வளவுதான்.

அங்கே செவித்திறனைச் சோதித்த ஆடியாலஜிஸ்ட் அம்மா பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. இவை ஹெட்போன் வழியாகக் கேட்டவை. எலும்பு வழியாகக் கேட்டதை அம்புமுனை போன்ற குறிகளாலோ சதுர அடைப்புக் குறிகளாலோ குறிப்பார்கள். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால், ஒலி உள்ளே போகும் வழியில் ஏதோ தடை இருக்கிறது. கடை கொடுத்த தாளில் அந்தக் குறிகளே கிடையாது. அடைப்பா, நரம்பா என்று பிரித்துப் பார்க்காமலே 'நரம்பு செத்துக்கிட்டு வருது' என்று சொல்லியிருக்கிறார்கள். வயதால் வரும் குறைவு பொதுவாக இரண்டு காதிலும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு காது மட்டும் தனியாக மோசம் என்றால், விற்பவர் முதலில் மருத்துவரிடம் அனுப்பியிருக்க வேண்டும். எனக்குக் கோபம் இன்னும் ஆறாத இடம் இதுதான்.

இதில் பணம் போனது பாதி நஷ்டம்தான். அடைத்திருந்த காதுக்கு ஏற்ப ஒலியைக் கூட்டி வைத்த மெஷின், அடைப்பு போன காதுக்குள் அதே வேகத்தில் கத்தும். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருப்பதே வேலையிடங்களுக்குச் சொல்லப்படும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. மனிதருக்கு அவை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. அந்தச் சொட்டு மருந்தால் எந்த நரம்பும் புதுப்பிக்கப்படாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் கண்டதையும் ஊற்றுவது ஆபத்தும்கூட. பட்ஸ் போட்டுக் குடைவதும் வேண்டாம், அது குறும்பியை இன்னும் உள்ளே தள்ளும்.

காது விஷயத்தில் நிஜமான அவசரம் ஒன்று உண்டு, அதை மட்டும் யாரும் தள்ளிப்போடாதீர்கள். திடீரென்று, ஓரிரு நாளுக்குள் ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலனுக்கு வாய்ப்பு அதிகம். மெல்ல மெல்லக் குறைந்த காதுக்கு 'இந்த வாரமே' என்ற கெடு கிடையாது. அதற்காக வருடக்கணக்கில் விட்டுவிடவும் கூடாது. நடுவயதில் கவனிக்காமல் விட்ட செவிக்குறைவை, மறதிநோய்க்கான மாற்றக்கூடிய காரணிகளில் முக்கியமான ஒன்றாக 2020-லும் 2024-லும் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்டிருக்கிறது.

இன்னொரு சங்கதி பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது. அப்பாவுக்கு விற்ற மெஷினின் மென்பொருள் பூட்டப்பட்டது. அந்தக் கடை ஆளைத் தவிர வேறு யாரும் அதன் அளவை மாற்ற முடியாது. மருத்துவமனையில் சரிசெய்து தர மனம் இருந்தும் வழி இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனால், ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று இருப்பதைக் காட்டினார்கள்.

ஆகவே வாங்கும் முன் வாய்விட்டுக் கேளுங்கள். போட்டுப் பார்த்து ஒத்துவராவிட்டால் திருப்பித் தர எத்தனை நாள்? அதை ரசீதில் எழுதித் தருவீர்களா? வேறு ஆடியாலஜிஸ்ட் இதன் அளவை மாற்ற முடியுமா? மெஷின் மாட்டிய நிலையில், காதுக்குள் மெல்லிய குழாய் மைக் விட்டு, உள்ளே எவ்வளவு சத்தம் போகிறது என்று அளந்து காட்டுவீர்களா? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் தேவையில்ல" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே பரிசோதித்த தாள் இருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள். செவிக்குறைவு என்று காட்டும் தாளில் வட்டமும் பெருக்கல் குறியும் மட்டுமே இருந்தால், அதைக் கையோடு எடுத்துக்கொண்டு ஒரு ஈஎன்டி மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.